படிக்கட்டுகளால் ஆன நேர்கோடு

கணினித் திரையில் சற்றே சாய்ந்த கோடொன்றை வரைந்து, அதனை உருப்பெருக்கிக் கண்ணாடியின் வழியே பாருங்கள். அங்கே கோடு இராது. படிக்கட்டு ஒன்று இருக்கும். நாலைந்து புள்ளிகள் கிடையாகச் செல்லும், ஒரு புள்ளி மேலேறும், மீண்டும் நாலைந்து புள்ளிகள் கிடையாகச் செல்லும். கண்ணாடியை விலக்கினால் படிக்கட்டு மறைந்து மீண்டும் கோடாகிவிடும். விலைவாசி ஏற்றத்தைக் காட்டும் வரைபடம் முதல் மருத்துவமனையில் இதயத்துடிப்பைக் காட்டும் திரை வரை, இன்று நாம் நம்பிப் பார்க்கின்ற சாய்கோடுகள் யாவும் இத்தகைய படிக்கட்டுகளே.

இலக்கியமும் வரலாறும் பேசும் இடத்தில் இப்பொருளுக்கு என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். ஓலைச்சுவடியைப் பழகியவர்களுக்கு விடை எளிது. எழுத்தாணியால் புள்ளியிட்டால் ஓலை பொத்துப்போகும் என்பதால், சுவடி எழுதியோர் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாமல் விட்டனர். எகர ஒகரங்களில் குறில் எது, நெடில் எது என்பதும் எழுத்தில் தெரியாமற் போயிற்று. படிப்பவரே இடம் நோக்கி அவற்றை நிரப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. பதிப்பாசிரியர்கள் பாடபேதங்களோடு மல்லாடியதற்கு இதுவும் ஒரு காரணம். எழுதப்படும் பரப்பு எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்பது எழுதப்படும் செய்தியையே மாற்றிவிடுகிறது. கணினித் திரையும் அத்தகைய ஒரு பரப்பே. அதன்மேல் எண்களைப் படமாக்க முயன்றவர்கள் எதிர்கொண்ட இடர்களையும், கண்ட தீர்வுகளையும், அத்தீர்வுகளுள் சில புதிய மயக்கங்களுக்கு வழிவகுத்ததையும் இங்கே காண்போம்.

செப்புத் தகட்டில் தொடங்கிய சிக்கல்

கணினிக்கு வெகு முன்பே இச்சிக்கல் தொடங்கிவிட்டது. நாட்டின் வணிகக் கணக்குகளைக் கோடுகளாகவும் பட்டைகளாகவும் வரையும் வழக்கத்தை நிலைநாட்டியவர் ஸ்காட்லாந்தில் பிறந்த வில்லியம் பிளேஃபேர். இவர் இளமையில் நீராவிப் பொறியால் புகழ்பெற்ற ஜேம்ஸ் வாட்டிடம் வரைவாளராகப் பணியாற்றியவர். 1786ஆம் ஆண்டு இலண்டனில் இவர் வெளியிட்ட 'கமர்ஷியல் அண்ட் பொலிட்டிகல் அட்லஸ்' என்னும் நூலில் இங்கிலாந்தின் ஏற்றுமதியும் இறக்குமதியும், செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட கோடுகளாகக் காலவரிசையில் ஏறி இறங்கின. நாற்பதுக்கும் மேற்பட்ட படங்கள் கொண்ட அந்நூலில் ஒன்றே ஒன்று மட்டும் பட்டை வரைபடம். அது பிறந்த கதை சுவையானது. ஸ்காட்லாந்து குறித்து அவருக்குக் கிடைத்தவை 1780-81 என்னும் ஓராண்டுக் கணக்குகள் மட்டுமே. ஓராண்டை வைத்துக்கொண்டு காலக்கோடு வரைய இயலாது. ஆகவே ஒவ்வொரு நாட்டுக்கும் இரண்டு பட்டைகள் வீதம் வரைந்துவிட்டு, காலத்தைக் காட்டாத இப்படம் மற்றவற்றை விடப் பயனில் குறைந்தது என்று தாமே குறிப்பும் எழுதினார். இன்று உலகெங்கும் பள்ளிப் பிள்ளைகள் வரையும் பட்டை வரைபடத்தின் முன்னோடி, தரவுப் பற்றாக்குறையால் நேர்ந்த ஒரு சமாளிப்பு!

பிளேஃபேரின் படங்களிலேயே வேறொரு பாடமும் உண்டு. அவர் ஏற்றுமதிக்கு ஒரு கோடும் இறக்குமதிக்கு ஒரு கோடும் வரைந்து, இரண்டுக்கும் இடைப்பட்ட வெளியைக் கொண்டு நாட்டின் ஆதாயத்தையோ நட்டத்தையோ காட்டினார். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின், 1984இல், வில்லியம் கிளீவ்லாந்து, ராபர்ட் மெக்கில் ஆகிய புள்ளியியலாளர் இருவர் மனிதக் கண் வரைபடத்தை எவ்வாறு அளக்கிறது என்பதை ஆராய்ந்து எழுதினர். இரண்டு வளைகோடுகளுக்கு இடையே உள்ள செங்குத்துத் தொலைவே வேறுபாடு. ஆனால் கண் அளப்பதோ அவற்றுக்கிடையே உள்ள மிகக் குறுகிய தொலைவை. கோடுகள் இரண்டும் செங்குத்தாக ஏறும் இடத்தில், வேறுபாடு பெருகிக்கொண்டிருந்தாலும் கண்ணுக்கு அது சுருங்குவதுபோலத் தோன்றும். தீர்வு எளிது: வேறுபாட்டைக் கணக்கிட்டு அதனையே தனிக்கோடாக வரைந்துவிட வேண்டும். கோடு பிழையின்றி இருந்தும் பார்வை பிழைபடக்கூடும் என்பதை இது உணர்த்துகிறது.

எட்டுத் திசை எழுதுகோல்

இனிக் கணினியின் காலத்துக்கு வருவோம். 1959ஆம் ஆண்டு கால்காம்ப் நிறுவனம் உருளை வடிவ வரைபொறி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உருளை தாளை முன்னும் பின்னும் நகர்த்தும். எழுதுகோல் இடமும் வலமும் நகரும். ஒவ்வொரு நகர்வும் அங்குலத்தில் நூற்றில் ஒரு பங்கு. இரண்டையும் சேர்த்து இயக்கினால் மூலைவாட்டிலும் ஓரடி வைக்கலாம். ஆக, அந்த எழுதுகோலுக்குத் தெரிந்தவை எட்டுத் திசைகள் மட்டுமே. எட்டுத் திசை மட்டும் அறிந்த எழுதுகோலைக் கொண்டு எந்தச் சாய்விலும் கோடு இழுப்பது எங்ஙனம்?

1962இல் கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் ஐபிஎம் நிறுவனத்தில் பணிபுரிந்த ஜாக் பிரெசென்ஹாம் இதற்கு விடை கண்டார். அவரிடம் இருந்தது ஐபிஎம் 1401 என்னும் கணினி. பெருக்கலும் வகுத்தலும் செய்யும் உறுப்புகளைத் தனியே விலை கொடுத்து வாங்க வேண்டிய காலம் அது. ஆகவே கூட்டல், கழித்தல், குறியைப் பார்த்தல் ஆகிய மூன்றை மட்டுமே கொண்டு அவர் வழி வகுத்தார்.

கடன் கணக்காக எண்ணினால் அவ்வழி எளிதில் விளங்கும். வலப்பக்கம் 8 அடியும் மேலே 3 அடியும் செல்ல வேண்டிய கோடு ஒன்றைக் கொள்வோம். வலப்பக்கம் ஓரடி வைக்கும்போதெல்லாம் 3 கடன் ஏறும். கடன் 8இன் பாதியாகிய 4ஐத் தாண்டினால், அந்த அடியை மேல்நோக்கிய மூலைவாட்டில் வைத்து 8ஐக் கழித்துவிட வேண்டும். முதலடியில் கடன் 3, ஏற வேண்டா. இரண்டாம் அடியில் 6. ஏறுகிறோம், கடன் 2 குறைவாகிறது. மூன்றாம் அடியில் 1. நான்காம் அடியில் 4, தாண்டவில்லை. ஐந்தாம் அடியில் 7. ஏறுகிறோம், 1 குறைவு. ஆறாம் அடியில் 2. ஏழாம் அடியில் 5. ஏறுகிறோம், 3 குறைவு. எட்டாம் அடியில் கடன் முற்றிலும் தீர்ந்து பூச்சியம். மூன்று முறை ஏறியிருக்கிறோம். சேர வேண்டிய இடத்துக்குப் பிசகாமல் சேர்ந்தும் விட்டோம். பெருக்கலில்லை, வகுத்தலில்லை, பின்னமில்லை. பாதி பின்னமாக வரும் இடங்களில் எல்லா எண்களையும் இரட்டித்துக்கொண்டால் அதுவும் தீர்ந்தது.

1963இல் டென்வர் நகரில் நடந்த மாநாட்டில் பிரெசென்ஹாம் இதனை எடுத்துரைத்தார். 1965இல் ஐபிஎம் சிஸ்டம்ஸ் ஜர்னலில் கட்டுரை அச்சேறியது. வரைபொறிக்காக எழுதப்பட்ட அந்தச் சில வரிகள் பின்னாளில் திரைகளுக்கும் அப்படியே பொருந்தின. நம்முள் நிரலெழுதுவோர் பலர் கல்லூரியில் முதன்முதலாகக் கற்ற வரைகலைப் பாடமும் இதுவாகவே இருக்கும்.

துடிக்கும் திரையும் அழியாத் திரையும்

தாளில் மை நிற்கும். திரையில் ஒளி நில்லாது. மின்னணுக் கற்றை பட்ட இடம் ஒளிர்ந்து உடனே மங்கிவிடும். ஆதலால் ஒரே படத்தை நொடிக்குப் பல முறை திரும்பத் திரும்ப வரைந்தாக வேண்டும். 1963இல் ஐவன் சதர்லாந்து எம்ஐடியில் முனைவர் பட்டத்துக்காக டிஎக்ஸ்-2 கணினியில் உருவாக்கிய ஸ்கெட்ச்பேட், ஒளிக்கோல் கொண்டு திரையிலேயே படம் வரையும் வித்தையை உலகுக்குக் காட்டியது. அங்கும் படம் பெரிதாகப் பெரிதாக ஒரு சுற்று வரைந்து முடிக்க நேரம் கூடி, திரை துடிக்கத் தொடங்கும். வரைபடத்தில் செய்தி மிகுந்தால் அதனைக் காணவே இயலாது என்னும் விந்தையான நிலை அது.

இதற்கு ஒரு மாற்றாகத் தோன்றியது, வரைந்ததைத் தானே நினைவில் வைத்துக்கொள்ளும் சேமிப்புக் குழாய். 1972இல் வெளிவந்த டெக்ட்ரானிக்ஸ் 4010 முனையம் இவ்வகையைச் சேர்ந்தது. ஒருமுறை வரைந்தால் கோடு திரையில் தங்கிவிடும், துடிப்பு இல்லை. ஆனால் ஒரு கோட்டை மட்டும் அழிக்க வழியில்லை. ஓர் எழுத்துப் பிழையைத் திருத்த வேண்டுமானால், திரை முழுவதும் பச்சையாகப் பளிச்சிட்டு எல்லாம் அழியும். மீண்டும் முதலிலிருந்து வரைய வேண்டும்.

இவ்விரண்டையும் பின்னுக்குத் தள்ளியது புள்ளித் திரை. திரையைப் புள்ளிகளாகப் பகுத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் கணினி நினைவகத்தில் ஓரிடம் ஒதுக்கிவிடுவது. 1973இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ரிச்சர்டு ஷூப் உருவாக்கிய சூப்பர்பெயின்ட் அமைப்பில் இதற்கென மூன்று இலட்சத்துக்கும் சற்று மிகுதியான பைட்டுகள் தேவைப்பட்டன. இன்று ஒரு கைப்பேசி ஒளிப்படத்துக்குக்கூடப் போதாத அந்த அளவு, அக்காலத்தில் ஆய்வகங்களே தயங்கும் செலவு.

புள்ளிகளின்மேல் கோடு இழுத்துப் படம் அமைப்பது நம் வீட்டு வாசல்களுக்குப் புதிதன்று என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். 1974இல் சென்னை கிறித்தவக் கல்லூரியைச் சார்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருதிவாசனுடன் இணைந்து, கோலங்களை விதிகளாக எழுதிக் காட்டும் வரிசை இலக்கணம் பற்றி 'கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் அண்ட் இமேஜ் பிராசஸிங்' என்னும் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டனர். கல்வெட்டெழுத்து ஆராய்ச்சியால் நம்மில் பலர் அறிந்த அதே கிஃப்ட் சிரோமணிதாம். மார்கழி வாசலின் புள்ளி வரிசையும் உலக வரைகலை ஆராய்ச்சியின் புள்ளி வரிசையும் ஒரே ஏட்டில் சந்தித்த தருணம் அது.

பல்லும் பூச்சும்

புள்ளித் திரை வந்ததும் நாம் தொடக்கத்திற் கண்ட படிக்கட்டு பளிச்செனத் தெரியலாயிற்று. கோட்டின் விளிம்பு அரம்பத்தின் பல்போல் இருந்தது. அசையும் படங்களில் அப்பற்கள் ஊர்ந்து திரிந்தன. புள்ளியின் அளவை விடச் சிறிய பொருள்கள் தோன்றித் தோன்றி மறைந்தன. யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்த ஃபிராங்க் குரோ 1977இல் வெளியிட்ட கட்டுரையில் இதன் வேரைச் சுட்டிக் காட்டினார். திரைப்படத்தில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதுபோலத் தோன்றுவதற்கும் கோட்டின் பல்லுக்கும் காரணம் ஒன்றே. தொடர்ச்சியாக உள்ள ஒன்றை இடைவெளி விட்டுத் தொட்டுப் பார்த்தால், இல்லாத ஒன்று இருப்பதாகத் தோன்றும். ஆகவே ஒரு புள்ளி கோட்டின்மேல் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் கேட்பது தவறு. அப்புள்ளியின் பரப்பில் எத்தனை பங்கைக் கோடு மூடுகிறது என்று கேட்டு, அந்த அளவுக்கு மட்டும் நிறமிட வேண்டும். பாதி மூடினால் பாதிக் கருமை. 1991இல் சியாவ்லின் வூ இதனை விரைவாகச் செய்யும் வழியை அளித்தார். ஒவ்வோர் அடியிலும் ஒரு புள்ளிக்குப் பதிலாக மேலும் கீழுமாக இரண்டு புள்ளிகள், கருமையைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும்.

அழகுக்காகச் செய்த பூச்சு வேலை என்று இதனைத் தள்ளிவிட வேண்டா. இதே சிக்கல் உயிர் காக்கும் இடத்திலும் தலைகாட்டுகிறது. ஒரு நாள் முழுவதும் ஒருவரது இதயத்துடிப்பை நொடிக்கு 250 அளவுகள் வீதம் பதிவதாகக் கொள்வோம். மொத்தம் 2 கோடியே 16 இலட்சம் அளவுகள். திரையின் அகலம் 1000 புள்ளிகள் என்றால், ஒவ்வொரு நெடுவரிசைக்கும் 21,600 அளவுகள் வந்து சேரும். நிமிடத்துக்கு 72 துடிப்பு என்று கொண்டால், ஒரே நெடுவரிசைக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட துடிப்புகள் அடங்கிக் கிடக்கின்றன. நிரலெழுதுபவர் 21,600க்கு ஒன்று எனப் பொறுக்கி எடுத்து வரைந்தால் படம் அழகாகவே இருக்கும். ஆனால் நோயாளியின் இதயம் தடுமாறிய அந்தச் சில நொடிகள் அதில் இரா. சராசரி எடுத்து வரைந்தாலோ, உச்சங்கள் யாவும் மழுங்கி அமைதியான ஒரு கோடே எஞ்சும். தக்க வழி, ஒவ்வொரு நெடுவரிசையிலும் மிகப் பெரிய அளவையும் மிகச் சிறிய அளவையும் கண்டு இரண்டையும் இணைத்து வரைவது. 2014இல் வெளிவந்த எம்4 என்னும் முறை இவற்றோடு முதல் அளவையும் கடைசி அளவையும் சேர்த்துக்கொண்டு, நான்கே அளவுகளால், எல்லா அளவுகளையும் கொண்டு வரைந்த கோட்டையே திரையில் தர முடியும் என்று காட்டியது.

மலைக்குப் பின்னால் உள்ளது

இரு மாறிகளைச் சார்ந்த அளவுகளை மலையும் பள்ளத்தாக்குமாக வரையும் ஆசை, வரைபொறிக் காலத்திலேயே தோன்றியது. எல்லாக் கோடுகளையும் வரைந்தால் முன்மலையும் பின்மலையும் ஊடுருவித் தெரிந்து நூல்கண்டு சிக்கியதுபோல் ஆகிவிடும். 1972இல் ஹியூ வில்லியம்சன் வெளியிட்ட நிரலும், 1973இல் தாமஸ் ரைட் எழுதிய கட்டுரையும் இதற்கு அழகிய தீர்வு தந்தன. பார்ப்பவருக்கு மிக அருகில் உள்ள வெட்டுக்கோட்டை முதலில் வரைய வேண்டும். பிறகு பின்னோக்கிச் செல்லச் செல்ல, தாளின் ஒவ்வொரு நெடுவரிசையிலும் இதுவரை எட்டப்பட்ட உச்ச உயரத்தையும் அடி ஆழத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். புதிய கோடு அவ்வுச்சத்துக்கு மேலோ அவ்வாழத்துக்குக் கீழோ செல்லும் இடங்களில் மட்டும் எழுதுகோலைத் தாளில் பதிக்க வேண்டும். தொடுவானம் மெல்ல உயர்ந்துகொண்டே போகும்; அதற்குள் அடங்கியவை மறைந்தன எனக் கொள்ளலாம். முப்பரிமாணக் கணக்கு முழுவதும் இரண்டு எண் வரிசைகளுக்குள் அடங்கிவிட்டது.

ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. மறைக்க வேண்டிய கோட்டை மறைப்பது நிரலின் வெற்றி. ஆனால் அக்கோட்டோடு அது தாங்கிய அளவும் மறைந்துவிடுகிறது. மலைக்குப் பின்னால் உள்ள பள்ளத்தைப் படம் ஒருநாளும் சொல்லாது.

ஒன்று, இரண்டு, ஐந்து

கோட்டை வரைந்தாயிற்று. அதன் ஓரத்தில் எண்களை எழுத வேண்டாமா? எளிதெனத் தோன்றும் இவ்வேலை, நிரலெழுதுவோரைப் பாடாய்ப் படுத்திய ஒன்று. அளவுகள் 7 முதல் 94 வரை இருப்பதாகக் கொண்டு, அச்சை நான்கு பங்காகப் பிரித்தால் 7, 28.75, 50.5, 72.25, 94 என்று எண்கள் விழும். கணக்கு சரியே, படிப்பவருக்கோ தலை சுற்றும். மனிதர் கையால் வரைந்திருந்தால் 0, 20, 40 என்று 100 வரை எழுதியிருப்பார். மனிதருக்கு இயல்பாக வரும் இத்தேர்வைக் கணினிக்கு எவ்வாறு கற்பிப்பது என்பது குறித்து 1965இல் டிக்சனும் குரோன்மலும், 1973இல் லூவார்ட்டும் எழுதினர். 1990இல் பால் ஹெக்பெர்ட் அதனைச் சில வரிகளாகச் சுருக்கித் தந்தார். இடைவெளி எப்போதும் ஒன்று, இரண்டு, ஐந்து ஆகியவற்றுள் ஒன்றாகவோ அவற்றின் பத்து மடங்குகளாகவோ இருக்க வேண்டும். பரப்பின் இரு முனைகளையும் அவ்விடைவெளியின் மடங்குகளுக்கு விரித்துக்கொள்ள வேண்டும். நம்மிடம் புழங்கும் பழைய ரூபாய் நோட்டுகளின் ஒழுங்கும் இதுவே.

இங்கும் கண்ணி உண்டு. கணினி இரும எண்களில் 0.1ஐத் துல்லியமாக எழுத இயலாது. மூன்று முறை கூட்டினால் 0.30000000000000004 என்று அச்சில் எழுதி நகைப்புக்கு இடமாகும். எத்தனை தசம இடம் தேவை என்பதை இடைவெளியைக் கொண்டு முன்பே தீர்மானித்து, எழுதும் நேரத்தில் முழுமைப்படுத்துவதே வழி. இதனை விடப் பெரிய கண்ணி, அச்சு எங்கே தொடங்குகிறது என்பது. 95, 97 என்னும் இரண்டு அளவுகளுக்குப் பட்டை வரையும்போது அச்சு 94இல் தொடங்கினால், ஒரு பட்டை மற்றதைப் போல் மூன்று மடங்கு உயரமாக நிற்கும். எண்ணில் பொய்யில்லை, கோட்டில் பொய்யில்லை. பார்வையில் மட்டும் பொய் குடியேறிவிடும்.

வானவில்லின் குற்றம்

நிறத் திரைகள் பரவியபின் அளவுகளுக்கு நிறம் கொடுக்கும் வழக்கமும் பரவியது. குறைவுக்கு நீலம், மிகுதிக்குச் சிவப்பு, இடையில் பச்சையும் மஞ்சளும் என வானவில் வரிசையே பல மென்பொருள்களில் இயல்பாக அமைந்திருந்தது. ஆனால் வானவில்லுக்கு ஏறுமுகமான ஒழுங்கு எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. மஞ்சள் மிகவும் பளிச்சிடுவதால், அளவில் திடீர் மாற்றம் ஏதும் இல்லாத இடத்திலும் ஓர் எல்லைக்கோடு இருப்பதாகத் தோன்றும். பச்சை நெடுந்தொலைவு ஒன்றுபோலவே இருப்பதால், உண்மையான வேறுபாடு அதனுள் கரைந்துபோகும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதோரின் நிலை இன்னும் கடினம். 1998இல் ரோகோவிட்ஸ், டிரைனிஷ் ஆகியோர் இதனை எச்சரித்து எழுதினர். 2007இல் வேறிருவர் அதே எச்சரிக்கையை மீண்டும் எழுத வேண்டியிருந்தது.

இதனால் என்ன கேடு என்பவர்களுக்கு 2011இல் விடை கிடைத்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மிஷெல் போர்க்கினும் அவர்தம் குழுவினரும், இதயத் தமனிகளில் நோய்க்குரிய இடங்களைக் கண்டறியும் படங்களைச் சோதித்தனர். வானவில் நிறமிட்ட முப்பரிமாணப் படத்தில் அவ்விடங்களுள் 39 விழுக்காடே கண்டறியப்பட்டன. அதே தரவைத் தட்டையாக விரித்து, தக்க நிற வரிசையில் காட்டியபோது அது 91 விழுக்காடாக உயர்ந்தது. நோயாளி அவரே, தரவும் அதுவே. நிறமும் அமைப்பும் மட்டுமே வேறு. 2014இல் மேட்லேப் மென்பொருள் வானவில்லைக் கைவிட்டது. ஸ்டெஃபான் ஃபான் டெர் வால்ட், நதானியேல் ஸ்மித் ஆகியோர் 2015இல் வடிவமைத்த விரிடிஸ் என்னும் நிற வரிசை, 2017இல் மேட்பிளாட்லிப்பின் இயல்பு வரிசையாக அமர்ந்தது. அடர் ஊதாவில் தொடங்கி மஞ்சளில் முடியும் அதில், ஒவ்வொரு படியிலும் ஒளி சீராகக் கூடும்; கறுப்பு வெள்ளையில் அச்சிட்டாலும் ஒழுங்கு குலையாது.

வரையப்படாத புள்ளிகள்

இதுவரை கண்ட சிக்கல்கள் யாவும் நிரலால் தீர்ந்தவை. நிரலால் தீராத ஒன்றைச் சொல்லாமல் இவ்வரலாறு நிறைவுறாது.

1986 ஜனவரி 27ஆம் நாள் இரவு. மறுநாள் சாலஞ்சர் விண்ணோடம் கிளம்ப வேண்டும். கடுங்குளிர் வரும் என்று வானிலை அறிவிப்பு. உந்துகலங்களின் இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையங்கள் குளிரில் விறைத்துவிடும் என்று அஞ்சிய பொறியாளர்கள், கிளம்ப வேண்டா என வாதிட்டனர். வளையங்கள் முன்பு பழுதடைந்த பயணங்களைச் சான்றாகக் காட்டினர். ஆனால் 53 பாரன்ஹீட் பாகையில் பழுது நேர்ந்ததுபோல 75 பாகையிலும் நேர்ந்திருந்தது. அப்படியானால் குளிருக்கும் பழுதுக்கும் தொடர்பு என்ன என்று எதிர்வாதம் எழுந்தது. மேலாளர்கள் கிளம்பும் முடிவை எடுத்தனர். 28ஆம் நாள் காலை, கிளம்பிய 73 விநாடிகளில் விண்ணோடம் சிதறி, எழுவரும் மாண்டனர்.

விசாரணைக் குழுவின் அறிக்கை அதே ஆண்டு வெளியாயிற்று. அதில் இரண்டு படங்கள் உள்ளன. முதற் படத்தில் பழுது நேர்ந்த பயணங்கள் மட்டும் புள்ளிகளாக உள்ளன. அதில் ஒழுங்கு ஏதும் தெரியவில்லை. இரண்டாம் படத்தில் பழுது நேராத பயணங்களும் அடியில் புள்ளிகளாக இடப்பட்டுள்ளன. உடனே கதை விளங்கிவிடுகிறது. 66 பாகைக்குக் குறையாத வெப்பநிலையில் சென்ற 20 பயணங்களுள் பழுது நேர்ந்தவை 3 மட்டுமே. 63 பாகையிலோ அதற்குக் கீழோ சென்ற 4 பயணங்களிலும் பழுது. அன்று காலை வெப்பநிலையோ நீர் உறையும் நிலைக்கு அருகில் இருந்தது.

1997இல் எட்வர்டு டஃப்டி, தக்க வரைபடம் ஒன்று இருந்திருந்தால் அவ்வெழுவர் பிழைத்திருப்பர் என்னும் பொருள்பட விரிவாக எழுதினார். பொறியாளர்களுள் ஒருவரான ரோஜர் பாய்ஷோலியும் உடனெழுதியோரும் 2002இல் அதற்கு மறுப்பெழுதினர். கிளம்ப வேண்டா என்று சொன்னவர்கள் தாங்களே. அந்த இரவில் எல்லாத் தரவும் தங்கள் கையில் இல்லை. பழியை வரைபடம் வரைந்தவர்மீது சுமத்துவது முறையன்று என்பது அவர்கள் வாதம். அவ்வாதத்தில் நியாயம் உண்டு என்றே நாம் கருதுகிறோம். கேளாத செவிக்கு முன் எந்தப் படமும் வெறும் கோடுதான். ஆனாலும் அறிக்கையின் இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு, எதுவும் நேராத பயணங்களைக் குறித்த சில புள்ளிகள் மட்டுமே.

எழுத்தாணிக்கு அஞ்சிப் புள்ளியிடாது விட்ட சுவடியைப் படித்த நம் முன்னோர், அங்கே புள்ளி விடுபட்டிருக்கிறது என்பதை அறிந்தே படித்தனர். ஆதலால் பெரும்பாலும் பிழையின்றிப் பொருள் கண்டனர். திரையிற் காணும் வரைபடம் அந்த எச்சரிக்கையை நமக்குத் தருவதில்லை. பல் மழுங்கி, நிறம் சீராகி, எண்கள் ஒழுங்காக நிற்கும் அதன் முன் நாம் ஐயமின்றி அமர்ந்துவிடுகிறோம். வரைபடம் ஒன்றைக் காணும்போது, இதில் இடப்படாத புள்ளிகள் எவை என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது, சுவடி படித்த மரபில் வந்த நமக்கு அத்தனை கடினமானதன்று.